ஐந்து வீட்டுக்கு ஓர் அடுப்பு

எழுபதுகளின் பின்பாதியில், நீலகிரியில் மஞ்சூரையும் தாண்டி, பஸ் முக்கி முனகி ஏறும் ஒரு மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. எங்களைப் போல இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுத்த தோட்டங்களில் அதுவும் ஒன்று. அப்போது எனக்குக் கல்யாணமாகி, இடுப்பில் ஒரு பிள்ளை. இத்தனை காலம் கழித்தும் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் என் குரல் தானாக ஏறிவிடுகிறது. "மெதுவாப் பேசும்மா, பக்கத்து வீட்டுல சண்டைன்னு நெனைக்கப் போறாங்க" என்பாள் என் மகள். சண்டைதான். அது இன்னும் தீரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

"திரும்பி வந்தவர்கள்" என்று எழுதிவிட்டேன், ஊரெல்லாம் அப்படிச் சொல்வதால். நான் பிறந்தது அங்கே, என் அம்மா பிறந்தது அங்கே. பார்த்தே இராத ஊருக்கு எப்படித் திரும்பி வர முடியும்? யாரோ இரண்டு நாட்டுக்காரர்கள் ஒப்பந்தம் போட்டார்கள். எங்களைப் பிரித்து, பாதிப் பேரைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், பிறகு இந்த மலை. வந்த இடத்தில் எங்களுக்கு "சிலோன்காரங்க" என்று பெயர். போகட்டும், அது வேறு கோபம்.

எங்களுக்குக் கொடுத்தது லயத்து வீடு. ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஐந்து வீடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அறை, பின்னால் ஒரு சமையல் இடம், மேலே ஒரு புகைபோக்கி. வேலையோடு சேர்ந்த சலுகையாக மாதம் ஒருமுறை தோட்டத்து டிராக்டர் வந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் விறகு தள்ளிவிட்டுப் போகும். கற்பூர மரம் என்று நாங்கள் சொல்கிற யூகலிப்டஸ், சீகை மரம். அதில் பாதி ஈரம். ஊதி ஊதிக் கன்னம் வலிக்கும். மாதம் முடிவதற்கு வெகு முன்பே அந்த விறகு தீர்ந்துபோகும். அங்கே இருந்தபோது தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் விழுகிற குச்சி, மிலாறு என்போம், அது இருக்கும். பெண்கள் வேலை முடிந்து வரும்போது தலையில் ஒரு கட்டு இல்லாமல் வரமாட்டார்கள். இங்கே செடியெல்லாம் இளசு, கவ்வாத்துப் பருவம் வரவில்லை. காட்டுக்குள் பொறுக்கப் போனால் ஃபாரஸ்ட் கார்டு விரட்டுவார். அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் நம்முடையதா என்று சந்தேகம் வரும். அரிசியும் விலை, மண்ணெண்ணெயும் விலை. விறகையும் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தால் எங்களுக்கு வயிற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஒரு நாள் விடியற்காலையில் சாரல் அடித்து நான்கு வீட்டு விறகும் நனைந்துவிட்டது. முதல் வீட்டுக்காரி மட்டும் தன் விறகைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள். அவளை நாங்கள் பெரியக்கா என்று கூப்பிடுவோம். வயதில் எங்களைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். வாயில் ரொம்பப் பெரியவள். அன்றைக்கு எல்லோரும் மாவைத் தூக்கிக்கொண்டு அவள் அடுப்புக்குப் போனோம். ஒருத்தி பிசைய, ஒருத்தி தட்ட, ஒருத்தி சுட, ஒருத்தி சம்பல் இடித்தாள். ஐந்து வீட்டுக்கும் ரொட்டி ஆகி, பெரிய சட்டியில் தேத்தண்ணியும் கொதித்து இறங்கியபோது, தனித்தனியாகச் சமைத்தால் ஒரு வீட்டுக்கு ஆகும் விறகைவிடக் கொஞ்சம்தான் கூட எரிந்திருந்தது. மறுநாளும் அப்படியே செய்தோம். அதற்கு மறுநாள் யாரும் யாரையும் கேட்கக்கூட இல்லை.

ஆண்கள் மட்டும் சில நாள் முணுமுணுத்தார்கள். யார் கைச் சோற்றை யார் தின்பது என்கிற பழைய கணக்கு அவர்களுக்கு. என் வீட்டுக்காரரும் அதில் சேர்த்திதான். பெரியக்கா ஒரே வார்த்தையில் அடக்கினாள்: "மண்டபத்துல ஒரே அண்டாவுல வாங்கித் தின்னப்போ எங்க போச்சு இந்த நாக்கு?" அதோடு சரி. பிறகு ரொட்டியின் சூடு அவர்களை வளைத்துவிட்டது.

நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். ஒருத்தி ஒரு நாள் இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டினால், மற்ற நான்கு பேரும் வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஊதுகிற வரைக்கும் படுத்திருக்கலாம். கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு விடியற்காலைத் தூக்கம் என்றால் என்னவென்று அதை இழந்தவளுக்குத்தான் தெரியும். வயதுக்கு வந்த நாளிலிருந்து நான் சங்குக்கு முன்னால் எழாத நாளே கிடையாது. முதல் தடவை அப்படிப் படுத்திருந்தபோது, பக்கத்து வீட்டில் விறகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பிள்ளையை அணைத்தபடி கண்ணை மூடிக் கிடந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் அம்மாவுக்கு இப்படி ஒரு காலைகூடக் கிடைத்திருக்காது.

மற்றதெல்லாம் தானாக வந்தது. ஐந்து தேங்காய் உடைத்த இடத்தில் இரண்டு போதுமாயிற்று. சாயங்காலம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுதினார்கள். எண்ணெயும் மிச்சம், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் படிப்பும் வந்தது. சீனி விஷயத்தில் நாங்கள் முன்பே கெட்டிக்காரர்கள். தேத்தண்ணியில் போட்டுக் கலக்கமாட்டோம். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, நாக்கால் தொட்டுக்கொண்டு, ஒரு வாய் குடிப்போம், மறுபடி தொடுவோம். கோப்பை முழுக்கக் கொட்டிக் கரைத்தாலும் வராத இனிப்பு அதில் வரும். மிஞ்சியதில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தோம். ஊட்டிக்குப் பஸ் ஏறிப் போய்ப் பிள்ளைகளுக்குப் பழைய ஸ்வெட்டர்கள் வாங்கி வந்தோம். பரணில் விறகு காய்ந்து கிடந்தது. எதையோ குறைத்துக்கொண்டோம் என்கிற நினைப்பே எங்களுக்கு இல்லை. அந்த மலைக்கு வந்த பிறகு அப்போதுதான் முதல்முதலாக வயிறு நிறையச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு ஒருத்தர் கண்ணில் பட்டது.

தோட்டத்துக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்திருந்தார். படித்தவர், சமவெளிக்காரர், சட்டையில் மடிப்புக் கலையாதவர். ஒரு நாள் காலை எதிர்மலையில் ஜீப்பை நிறுத்திப் பார்த்திருக்கிறார். எல்லா லயத்திலும் வரிசையாகப் புகை. எங்கள் லயத்தில் மட்டும் ஒரே ஒரு புகை. நான்கு வீட்டில் அடுப்பு எரியவில்லையே, சாப்பாட்டுக்கு வழியில்லையா, காய்ச்சலா என்று விசாரிக்க நேரே வந்துவிட்டார். அவர் கவலைப்பட்டுத்தான் வந்தார், அதை நான் மறைக்கவில்லை.

பெரியக்கா வீட்டில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தோம். சுடச்சுட ரொட்டி, மிளகாய் இடித்த கட்டச் சம்பல். இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் நிறுத்தவில்லை. எங்களைப் போலவே உள்ளங்கையில் சீனி வைத்துத் தேத்தண்ணி குடித்துப் பார்த்துக் குழந்தை மாதிரிச் சிரித்தார். நாங்களும் ஒருத்தியை ஒருத்தி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினோம். முறை வைப்பது, தேங்காய் மிச்சம், விளக்கு, பரணில் காயும் விறகு. கையை நீட்டிப் பரணைக் காட்டினோம். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"இல்லாததை நினைச்சு அழுறதைவிட, இருக்கறதை வெச்சு வாழத் தெரியணும். உங்களைப் பார்த்து எல்லாரும் கத்துக்கணும்" என்றார் போகும்போது.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளாக எங்களைப் பார்த்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னதே இல்லை. அகதி மாதிரி வரிசையில் நின்றே பழகிய எங்களை ஒரு படித்த மனுஷன் பாராட்டிவிட்டார். அன்றைக்கு முழுக்க மலையில் கொழுந்து பறிக்கும்போது அதே பேச்சுத்தான். முணுமுணுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்கூட, என்னவோ இந்த யோசனையே தன்னுடையது என்பது போலப் பக்கத்து லயத்தில் போய் அளந்துவிட்டு வந்தார்.

அடுத்த விறகு நாள் வந்தது. டிராக்டர் எங்கள் லயத்து வாசலில் நின்றது. ஒரு வீட்டு விறகைத் தள்ளியது. கிளம்பியது.

நாங்கள் கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினோம். வண்டியோடு வந்திருந்த மேஸ்திரி இறங்கினார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர்; எங்களைவிட வெகுகாலம் முன்பே மலைக்கு வந்தவர். அவர் முகத்தைப் பார்த்தாலே சொல்லப் பிடிக்காத சங்கதி என்று தெரிந்தது.

"ஏனுங்க அம்மிணி, நான் என்ன பண்றதுங்க? அஞ்சு ஊட்டுக்கும் ஒரே அடுப்புன்னு ஐயா கண்ணாலயே பாத்துப்போட்டாருங்களாம். ஒரு ஊட்டு வெறகு போதும்னு சொல்லிப்போட்டாருங்க. மத்த லயத்துலயும் இனிமே இப்படியே சேந்து பொங்கிக்கச் சொல்லியிருக்காருங்க."

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது காதெல்லாம் சூடேறியது. எங்கள் ரொட்டியைத் தின்று, எங்கள் சீனியை நக்கி, எங்கள் பரணை அண்ணாந்து பார்த்துவிட்டு, அந்த மனுஷன் அங்கே உட்கார்ந்து எங்கள் விறகைக் குறைக்கத்தான் வழி பார்த்திருக்கிறார்! கையைப் பிடித்துக் குலுக்கியபடியே மோதிரத்தைக் கழற்றிக்கொள்வது போல.

அதோடு முடிந்ததா? தண்ணீர் பிடிக்கிற பீலியில் மற்ற லயத்துப் பெண்கள் எங்களைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒங்க பெருமையைக் காட்டி எங்க அடுப்புல தண்ணியை ஊத்திட்டீங்களேடி" என்று ஒருத்தி குடத்தைத் தரையில் இடித்துக்கொண்டு கேட்டாள். கேட்கமாட்டாளா? அவர்களுக்கு எங்களைப் போல ஒற்றுமை இல்லாமல் இருக்கலாம், ஒத்துவராமல் இருக்கலாம், தனியாகச் சமைக்கப் பிடித்திருக்கலாம். அது அவர்கள் இஷ்டம். எங்கள் இஷ்டத்துக்கு நாங்கள் செய்த ஒன்றை எடுத்து ஊருக்கெல்லாம் சட்டமாக்க இவர் யார்?

நாங்கள் நான்கு பேர் வேலை முடிந்து ஆபீசுக்குப் போனோம். அந்த ஆபீஸ் முன்பு ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்த பங்களா. அதிகாரியின் அறையில் சுவரோடு சுவராகக் கணப்பு அடுப்பு. அதில் நல்ல காய்ந்த கட்டைகள் நின்று எரிந்துகொண்டிருந்தன. உள்ளே போனதும் முகத்தில் அனல் அடித்தது. கணப்புக்கு முன்னால் ஒரு நாற்காலி. அதன் முதுகில் அவருடைய நனைந்த காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட, இடுப்பில் கட்டிய சாக்கோடு நாங்கள் நின்றோம்.

அவர் கோபப்படவே இல்லை. சிரித்த முகத்தோடு பிரசங்கம் செய்தார். மரம் வெட்டினால் மலை அழியும், வீண் செலவைக் குறைத்தால்தான் தோட்டம் முன்னேறும், தோட்டம் முன்னேறினால் நீங்கள் முன்னேறுவீர்கள். நீங்கள்தான் வழி காட்டினீர்கள், இப்போது நீங்களே பின்வாங்கலாமா என்று கேட்டார்.

பெரியக்கா கேட்டாள்: "ஏங்கய்யா, நாங்க மொறை வச்சு மிச்சம் புடிச்சா, அந்த மிச்சம் எங்களுக்கா, ஒங்களுக்கா?"

"எல்லாருக்கும்தான்" என்றார் அவர். சொல்லிவிட்டு எழுந்துபோய்க் காலுறையைத் திருப்பிப் போட்டார்.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பெண் இருந்தாள். எங்கள் எல்லோருக்கும் இளையவள், பேசவே கூச்சப்படுகிறவள். அவள் அம்மாவுக்கு அங்கேயே இருக்கச் சீட்டு, இவளுக்கு இந்தியாவுக்குச் சீட்டு; ஒரே குடும்பத்தைக் காகிதத்தில் கிழித்த மாதிரிக் கிழித்துவிட்டார்கள். கப்பல் ஏறும்போது ஒரு தடவை கட்டிப்பிடித்து அழுதது, அவ்வளவுதான். நிறைமாதமாக இருந்தாள். பிரசவத்துக்குத் தாய்வீடு என்று அவளுக்கு இந்த உலகத்தில் இருந்தது எங்கள் நான்கு வீடுதான். பரணில் விறகு சேர்த்ததே பாதி அவளை நினைத்துத்தான். பிள்ளை பெற்றவளுக்கு இரண்டு வேளை வெந்நீர் வேண்டும். அறையில் நெருப்புச் சட்டி அணையாமல் இருக்க வேண்டும். அங்கே எங்கள் எல்லோரையும் எங்கள் தாய்மார் அப்படித்தான் காப்பாற்றினார்கள்.

விறகு குறைந்த அந்த மாதமே பெண்பிள்ளை பிறந்தது. மழை விடவே இல்லை. பரணில் இருந்ததெல்லாம் கரைந்தது. பிறகு, ஒரு வீட்டு விறகில் ஐந்து வீட்டுக்குச் சமைக்கவா, பிள்ளைக்காரிக்கு அனல் போடவா? நாங்கள் ராத்திரிச் சமையலை விட்டோம். காலையில் சுட்ட ரொட்டியையே வைத்துத் தின்றோம். தேத்தண்ணியை ஒரு வேளையாக்கினோம். முன்பு குறைத்தபோது குறைந்ததே தெரியாமல் இருந்ததே, அதே நாங்கள், அதே அடுப்பு. இப்போது ஒவ்வொரு குச்சியிலும் குறை தெரிந்தது. பிள்ளைகள் ஆறின ரொட்டியைப் பிய்க்க முடியாமல் அழுதன. எனக்கு அந்த அதிகாரியின் சிரித்த முகம்தான் கண்முன்னால் வந்தது.

அப்படியும் போதவில்லை. ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைக்கு நெஞ்சில் கரகரவென்று சத்தம். பால் குடிக்க மறுத்தது. உதடு ஒரு மாதிரி நிறம் மாறியிருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி கம்பவுண்டர் வந்து பார்த்து மருந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, "மருந்து ரெண்டாவதும்மா. முதல்ல ரூம்ல நெருப்பைப் போடுங்க. ஐஸ் மாதிரி இருக்கு" என்றார். இருந்த கடைசி விறகையும், ஒரு பழைய மரப்பெட்டியையும் அன்றைக்கு எரித்தோம். அந்தப் பெட்டி நான் கடல் தாண்டிக் கொண்டுவந்தது.

மறுநாள் காலைச் சங்கு ஊதியது. எல்லோரும் ஆள் எண்ணிப் பேர் பதிகிற பெரட்டுக் களத்துக்குப் போனார்கள். நாங்கள் ஐந்து பேரும் போகவில்லை. பிள்ளையைக் கம்பளியில் சுற்றி, தாயின் தலையில் சாக்கைக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மழையில் ஏறினோம். யாரும் முன்கூட்டித் திட்டம் போடவில்லை. நெருப்பு எரிகிற ஓர் அறை எங்கே இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

அதிகாரி அறையில் இருந்தார். நாங்கள் கேட்கவில்லை, கும்பிடவில்லை. கதவைத் திறந்து நேராகக் கணப்புக்குப் போனோம். பெரியக்கா நாற்காலியில் கிடந்த காலுறையை இரண்டு விரலால் எடுத்து மேசைமேல் வைத்தாள். பிள்ளைக்காரியை நாற்காலியில் உட்கார வைத்தோம். நாங்கள் சுற்றித் தரையில் உட்கார்ந்தோம்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். "என்ன இது? யார் உள்ள விட்டது?" என்று கத்தினார். அன்றைக்குத்தான் அவருக்குக் கோபம் வரும் என்றே தெரிந்தது. வாயாடி பெரியக்கா பதில் சொல்ல எழுந்தாள். ஆனால் அவளையும் முந்திக்கொண்டு, பேசவே கூச்சப்படுகிற அந்தப் பிள்ளைக்காரிதான் பேசினாள். தலையை நிமிர்த்தாமல், பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இங்கயும் ஒரு அடுப்புதாங்கய்யா எரியுது. நீங்க ஒரே ஆளு. நாங்களும் இதுலயே சேந்துக்கறோம். சேந்துக்கிட்டா மிச்சம்னு நீங்கதான சொன்னீங்க."

குத்திச் சொன்னாளா, வெள்ளந்தியாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளைக் கேட்டதும் இல்லை.

மேஸ்திரியைக் கூப்பிட்டு, "இவங்களை வெளியே அனுப்பு" என்றார். மேஸ்திரி உள்ளே வந்தார். எங்களைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். குனிந்து, ஒரு நல்ல கட்டையாக எடுத்துக் கணப்பில் வைத்தார். "கதவு தொறந்து கெடக்குதுங்க, கொழந்தைக்குச் சாரல் அடிக்குமுங்க" என்று சொல்லிவிட்டு, தான் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் கை தானாகக் கும்பிடுகிறது.

"இன்னிக்கு உங்க யாருக்கும் பேர் கிடையாது" என்றார் அதிகாரி. பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் கூலி. பெரட்டில் பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. சரி என்று தலையாட்டினோம். அதற்குமேல் எங்களிடமிருந்து அவர் பறிக்க ஒன்றும் இல்லை. பெண்கள் உட்கார்ந்திருக்கிற அறையில், ஒரு தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்க முந்தானையை இழுத்துவிடும்போது, அவர் எப்படி உட்கார்ந்து வேலை பார்ப்பார்? காகிதங்களை அள்ளிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அங்கே மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, மஞ்சூர் மழைக்காற்றும் இருந்தது. கண்ணாடி வழியாக நாங்கள் பார்த்தோம். கோட்டை இழுத்து மூடினார். கையைத் தேய்த்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நடந்தார். எங்கள் வீடுகளில் எப்படி இருக்கும் என்று நாங்கள் நான்கு பேர் போய்ச் சொன்னபோது புரியாதது, அந்த வராந்தாவில் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்திருக்கும்.

உள்ளே, அனல் பட்டு, பிள்ளையின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. மூச்சில் இருந்த கரகரப்பு தளர்ந்தது. பால் குடிக்க ஆரம்பித்தது. அது சப்புகிற சத்தம் கேட்டதும்தான் பெரியக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பீலியில் எங்களைத் திட்டியவர்கள் சேதி கேள்விப்பட்டு, கூடையோடு வந்து ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்றார்கள். யாரும் கோஷம் போடவில்லை. சும்மா நின்றார்கள்.

மத்தியானத்துக்குள் டிராக்டர் கிளம்பிவிட்டது. எங்கள் லயத்துக்குக் குறைத்த நான்கு வீட்டு விறகும் வந்தது. மற்ற லயத்து விறகைக் குறைக்கிற பேச்சும் நின்றது.

இதோடு முடித்தால் நல்ல கதை. என் கோபம் இதற்கு அப்புறம்தான் கெட்டிப்பட்டது. பிள்ளை பெற்ற பெண்ணைப் பார்த்து இரக்கப்பட்டுத் தானே கொடுத்ததாக அந்த அதிகாரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். எங்கள் விறகு, எங்களுக்கே பிச்சையாக வந்து சேர்ந்தது. கூடவே ஒரு நிபந்தனை: எந்த வீட்டு அடுப்பு எரிகிறதோ அந்த வீட்டுக்குத்தான் விறகு. எதிர்மலையில் ஜீப் நிற்கும், அவர் பார்ப்பார்.

அதனால் என்ன செய்தோம் தெரியுமா? ஒரே அடுப்பில்தான் சமைத்தோம், அதை நாங்கள் விடவில்லை. ஆனால் முறைக்காரி விடியுமுன் எழுந்து மற்ற நான்கு வீட்டு அடுப்பிலும் ஈரக் குச்சியும் கற்பூர இலையும் போட்டுப் புகை கிளப்பிவிட்டு வருவாள். சமைக்க அல்ல, அவருக்குக் காட்ட. மிச்சம் பிடிக்கத் தெரிந்த நாங்கள், திருடிகள் மாதிரி மிச்சத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, வீணாக்குவது போல நடித்தோம். அந்தப் புகையில் எங்கள் பிள்ளைகள் தூக்கத்திலேயே இருமினார்கள். எதிர்மலையில் ஜீப் நின்று, ஐந்து புகையும் பார்த்துத் திருப்தியாகப் போகும். கண் எரிச்சலோடு நான் படுத்துக் கிடப்பேன். சங்கு வரைக்கும் தூங்கலாம் என்று நாங்கள் சம்பாதித்த அந்தக் காலைத் தூக்கம் பழைய மாதிரி அப்புறம் வரவே இல்லை.

அந்தப் பிள்ளை இப்போது கோயமுத்தூரில் இருக்கிறாள். அவளுடைய பிள்ளைகளே பள்ளிக்கூடம் போகிறார்கள். அவள் வீட்டுக்குப் போனால் எனக்கு மட்டும் தேத்தண்ணியைச் சீனி போடாமல் கொடுத்து, உள்ளங்கையில் தனியாகச் சீனி வைப்பாள். நான் இன்றைக்கும் சிக்கனக்காரிதான், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் டிவியிலோ மேடையிலோ யாராவது வந்து செலவைக் குறையுங்கள், இருப்பதை வைத்து வாழுங்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தால், அந்த வராந்தாவும் காலுறையும் ஞாபகம் வந்து, அன்றைக்குப் பெரியக்கா கேட்டு நேரான பதில் கிடைக்காமல் போன கேள்வியைத்தான் திரும்பக் கேட்கத் தோன்றுகிறது: குறைப்பது நாங்கள், சரி; அந்த மிச்சம் யார் வீட்டுக்குப் போகிறது?